மண்ணின் இண்டு இடுக்குகள்: துளை அளவை வைத்துத் தோட்ட மண்ணைக் கணிப்பது எப்படி?

புட்டுக்கு மாவு நனைக்கத் தெரிந்தவருக்கு மண் பாதி தெரிந்த மாதிரி. அரிசி மாவில் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து விரவும்போது மாவு சின்னச் சின்ன மணிகளாகத் திரளும். கையில் பிடித்தால் பிடி நிற்கும், விரலால் தட்டினால் உதிரும். அந்தப் பதத்தில் குழலில் நிறைத்தால் மணிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாக ஆவி ஏறுகிறது. மணிக்கு உள்ளே இருக்கும் ஈரம் அங்கேயே தங்குகிறது. ஒரு கை தண்ணீர் கூடிப்போனால் மணிகள் குழைந்து ஒட்டிக்கொள்ளும். ஆவி ஏறாது, அடியில் களி, மேலே பச்சை மாவு. மாவு அதேதான், எடையும் அதேதான். மாறியது இடைவெளியின் அளவு மட்டும்.

வயலிலும் விளையிலும் (மேட்டுத் தோட்டத்திலும்) நடப்பது இதுவே. மணல், வண்டல், களித் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு மணிகளாகின்றன. மணிகளுக்கு வெளியே பெரிய துளைகள், மணிகளுக்கு உள்ளே சிறிய துளைகள். நல்ல தோட்ட மண்ணின் கன அளவில் ஏறக்குறைய பாதி வெற்றிடம்தான். ஆனால் 'பாதி வெற்றிடம்' என்று மட்டும் சொன்னால் ஒன்றும் விளங்காது. அந்த வெற்றிடம் எந்தெந்த அளவுத் துளைகளாகப் பிரிந்து கிடக்கிறது என்பதில்தான் மண்ணின் உடல்நலம் இருக்கிறது.

2015-ல் தொடங்கிய மண் வள அட்டையில் 12 அளவுகள் வருகின்றன: கார அமில நிலை, உப்பு நிலை, அங்ககக் கார்பன், மீதி ஒன்பதும் சத்துகள். துளை பற்றி அதில் ஒரு வரிகூடக் கிடையாது. அட்டையில் எல்லாம் பச்சையாக இருந்தும் வாழை மஞ்சளாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். உரம் இருக்கிறது, வேருக்குக் காற்று இல்லை.

மூன்று வகைத் துளைகள்

துளையின் அளவை மைக்ரானில் சொல்வார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். தலைமுடியின் தடிமன் சுமார் 50 முதல் 100 மைக்ரான்.

50 மைக்ரானுக்கு மேற்பட்டவை வடிதுளைகள். மழை பெய்தால் தண்ணீர் இதன் வழியே இறங்கிப்போகும், பின்னாலேயே காற்று நுழையும். வேர் நுனி பெரும்பாலும் 100 மைக்ரானுக்கு மேல் தடித்தது. மண் இறுகியிருந்தால், தன்னைவிடச் சிறிய துளைக்குள் அது நுழையாது. 50-க்கும் 0.2-க்கும் இடைப்பட்டவை சேமிப்புத் துளைகள். புவியீர்ப்பு இழுத்தும் இறங்காமல், வேர் உறிஞ்சினால் மட்டும் வெளியே வரும் தண்ணீர் இங்கேதான் இருக்கிறது. வேர்த்தூவி சுமார் 10 மைக்ரான், பாக்டீரியா சுமார் 1 மைக்ரான். இரண்டும் இந்த வட்டாரத்தில் குடியிருப்பவை. 0.2-க்குக் கீழே உள்ள துளைகளில் நிற்கும் தண்ணீர் பயிருக்கு எட்டாக்கனி. பெரிய துளைக்கு எல்லை 30 மைக்ரான் என்பாரும் உண்டு, 75 என்பாரும் உண்டு. ஒரு எல்லையைப் பிடித்துக்கொண்டு அதையே கடைசிவரை பயன்படுத்தினால் போதும்.

கண்ணுக்குத் தெரியாத துளையை எப்படி அளக்கிறார்கள்? விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். துளை ஒடுங்க ஒடுங்க அது தண்ணீரை இறுக்கிப் பிடிக்கும். கணக்கு எளிது: 3000-ஐத் துளையின் மைக்ரான் அளவால் வகுத்தால், அந்தத் துளை எத்தனை சென்டிமீட்டர் உயர நீர்த்தம்பத்தைத் தாங்கும் என்று கிடைக்கும். 50 மைக்ரான் துளை 60 செ.மீ. தாங்கும். 0.2 மைக்ரான் துளை 15,000 செ.மீ., அதாவது 150 மீட்டர் தாங்கும். கன்னியாகுமரிக் கடலில் நிற்கும் வள்ளுவர் சிலையின் உயரம் 133 அடி. அதைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேலான உயரத்துக்குத் தண்ணீரை இழுக்கிற விசை அது. அந்த விசைக்கு மேல் இழுக்கப் பெரும்பாலான பயிர்களுக்குத் தெம்பில்லை, வாடிப்போகும். ஆய்வுக்கூடத்தில் மணல் மேடையிலும் அழுத்தத் தட்டிலும் மண்ணை வைத்து, ஒவ்வொரு விசைக்கும் எவ்வளவு தண்ணீர் வெளியேறுகிறது என்று எடை போட்டுத் துளைகளை வகை பிரிப்பது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

பெரிய துளைக்கு இருக்கிற வலிமையைச் சாதாரணமாக யாரும் ஊகிக்க மாட்டார்கள். ஒற்றைத் துளையில் பாயும் தண்ணீர் அதன் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். 1 மி.மீ. விட்டமுள்ள ஒரு துளை, 0.1 மி.மீ. துளைகள் பத்தாயிரம் சேர்ந்து கடத்தும் தண்ணீரைத் தனியாகக் கடத்தும். மண்புழு போட்ட ஓட்டையை ரோட்டவேட்டர் அரைத்து மூடும்போது போவது அந்த ஒன்று.

வீட்டுத் தராசில் ஒரு சோதனை

மணல் மேடை இல்லாமலே, பெரிய துளை எவ்வளவு, சிறிய துளை எவ்வளவு என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். தேவைப்படுவது 5 செ.மீ. உள்விட்டமும் 5 செ.மீ. உயரமும் உள்ள இரும்பு வளையம் ஒன்று. லேத்துப் பட்டறையில் சொல்லி மெல்லிய சுவருள்ள குழாயில் வெட்டி, ஒரு முனையை வெளிப்பக்கமாகச் சீவிக் கூராக்கி வாங்குங்கள். உட்பக்கமாகச் சீவினால் இறங்கும்போதே மண்ணை நெருக்கிவிடும். இதன் கொள்ளளவு 98 கன செ.மீ. ஸ்டீல் டம்ளரை அறுத்துப் பயன்படுத்த வேண்டாம். வாய் அகலம், அடி குறுகல், கணக்கு தப்பும். 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு போதும்.

மாதிரி எடுக்கும் இடத்தில் ஒரு மீட்டர் சதுரத்துக்குச் சிறு வரப்புக் கட்டி, அரை மீட்டர் ஆழம் நனையும்வரை தண்ணீர் விடுங்கள். தண்ணீர் உள்ளே போனதும் பாலித்தீன் தாளால் மூடி, மேலே ஓலை போட்டு இரண்டு நாள் விடுங்கள். களி வயலுக்கு மூன்று நாள். இந்த அவகாசத்தில் பெரிய துளைத் தண்ணீர் வடிந்துவிடும், சிறியவற்றில் இருப்பது நிற்கும்.

பிறகு மேல்மண்ணில் 5 செ.மீ. ஒதுக்கிவிட்டு வளையத்தை வையுங்கள். மேலே ஒரு மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் மெல்ல, நேராக இறக்குங்கள். வளையம் முழுதும் இறங்கியதும் குனிந்து பாருங்கள்: உள்ளே உள்ள மண்மட்டமும் வெளியே உள்ள மண்மட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். உள்ளே தாழ்ந்திருந்தால் மண் நசுங்கிவிட்டது. தள்ளிப்போய் வேறிடத்தில் எடுங்கள். இந்த ஒரு பிழைதான் முக்கால்வாசிக் கணக்கைக் கெடுக்கிறது. சுற்றிலும் மண்ணைத் தோண்டி, அடியில் கரண்டி கொடுத்துத் தூக்கி, இரு முனையிலும் துருத்தும் மண்ணைக் கத்தியால் அறுத்துவிடுங்கள். தேய்க்கக் கூடாது. மண்ணைத் தட்டில் தட்டி உடனே எடை போடுங்கள். பிறகு 105 டிகிரியில் 24 மணி நேரம் காயவைத்து மறுபடி எடை. ஓவன் இல்லாவிட்டால் மொட்டைமாடியில் மெல்லிதாகப் பரப்பி, எடை இறங்காமல் நிற்கும்வரை காயவைக்கலாம். களிமண்ணில் அப்போதும் கொஞ்சம் ஈரம் மிஞ்சும் என்பதை நினைவில் வையுங்கள். வாணலியில் வறுக்க வேண்டாம். மக்கு கருகி எடை பொய் சொல்லும்.

கணக்குக்கு ஒரு எடுத்துக்காட்டு. ஈர எடை 168 கிராம், உலர் எடை 137 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 137-ஐ 98-ஆல் வகுத்தால் 1.40, இது பரும அடர்த்தி. மண் துகளின் சொந்த அடர்த்தி பொதுவாக 2.65. 1.40-ஐ 2.65-ஆல் வகுத்து ஒன்றிலிருந்து கழித்தால் 0.47, மண்ணில் 47 சதவீதம் துளை. போன தண்ணீர் 31 கிராம், அதாவது 31 கன செ.மீ.; 98-க்கு 32 சதவீதம். இது சிறிய துளைகளின் பங்கு. மீதி 15 சதவீதம் காற்று நிறைந்த பெரிய துளை.

எந்த எண் நல்ல எண்? காற்றுத் துளை 10 சதவீதத்துக்குக் கீழே போனால் பெரும்பாலான பயிர்களின் வேர் மூச்சுமுட்டும். ஆக்ஸிஜன் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுவதே காரணம். இன்னொரு அளவுகோல், நின்ற தண்ணீரை மொத்தத் துளையால் வகுப்பது. 0.6 முதல் 0.7 வரை இருந்தால் காற்றும் ஈரமும் அளவாகப் பங்கிட்ட மண். மேலே பார்த்தது 0.68. கை வைக்காமல் விடலாம்.

ஒரே துளைக் கணக்கு, இரண்டு தலையெழுத்து

இனி குமரி மாவட்டத்துக்கே வருவோம். இங்கே இரண்டு மழை, ஒரு மணி நேரப் பயணத்துக்குள் மூன்று விதமான மண். இந்தச் சோதனையைச் செய்து பார்க்க இதைவிடப் பொருத்தமான மாவட்டம் எளிதில் அமையாது.

ராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடலோரத் தென்னந்தோப்பு மணலையும், சுசீந்திரம் பக்கத்து நெல்வயலில் 20 செ.மீ. ஆழத்து மண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். வளையத்தில் மணல் 161 கிராம் ஈரமாகவும் 152 உலர்ந்தும் இருக்கிறது என்போம். வயல்மண் 192, உலர்ந்து 159. (எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை, உங்கள் மண்ணில் வேறாக இருக்கும்.) மணலின் மொத்தத் துளை 41 சதவீதம், வயலின் மொத்தத் துளை 39. கிட்டத்தட்ட ஒன்றுதான். பிரித்துப் பார்த்தால் மணலில் 9 சதவீதம் தண்ணீர், 32 சதவீதம் காற்று. வயலில் 34 தண்ணீர், 5 காற்று. முன்னதில் தென்னை தாகத்தில் நிற்கும், பின்னதில் வாழை மூச்சுத்திணறும். பரும அடர்த்தியை மட்டும் கேட்டு 'இரண்டும் இறுகிய மண்' என்று ஒரே மருந்தை எழுதிக்கொடுத்தால் இரண்டிலும் தவறாகும்.

வயலில் 20 செ.மீ. ஆழம் அப்படி ஆனதில் குற்றம் யாருடையதும் இல்லை. தொளி உழவே துளையை உடைக்கத்தான். தண்ணீர் கட்டி உழுது மரமடிக்கும்போது மணிகள் கரைந்து, பெரிய துளைகள் அடைந்து, அடியில் ஓர் இறுகிய படுகை அமைகிறது. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் பருவத்துக்கும் கட்டிய தண்ணீர் அதனால்தான் வயலில் நிற்கிறது. நெல்லுக்குத் தண்டு வழியாக வேருக்குக் காற்றுக் கொண்டுபோகும் உள்குழல் உண்டு. 5 சதவீதம் அதற்குப் போதும். ஆகவே நெல்லுக்கு அது நல்ல மண். அதே வயலை வாழைக்கும் மரச்சீனிக்கும் (மரவள்ளிக்கும்) மாற்றும்போதுதான் கணக்குத் தலைகீழாகிறது. மேலே எவ்வளவு எரு போட்டாலும் 20 செ.மீ.க்குக் கீழே வேர் இறங்காது. ஐப்பசி மழையில் படுகைக்கு மேல் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். மண்ணின் தரம் என்று தனியாக எதுவும் கிடையாது. எந்தப் பயிருக்கு என்று சேர்த்தே கேட்க வேண்டும்.

தக்கலையிலிருந்து மார்த்தாண்டம், குலசேகரம் வரை பரவிக் கிடக்கும் சரல் கலந்த செம்மண் மூன்றாவது. மூன்றிலும் ஏமாற்றுவது இதுதான். களி நிறைய இருக்கிறது, ஆனால் மழை பெய்த மறுநாள் மண்வெட்டி ஒட்டாமல் வெட்டும். அங்குள்ள களியை இரும்பு ஆக்சைடு பசைபோல் ஒட்டித் திடமான மணிகளாக்கி வைத்திருக்கிறது. மணிகளுக்கு வெளியே தாராளமான பெரிய துளைகள், மணிகளுக்கு உள்ளே 0.2 மைக்ரானுக்குக் கீழ்ப்பட்ட துளைகள். நடுவில் இருக்க வேண்டிய சேமிப்புத் துளைதான் குறைவு. வளையச் சோதனையில் மொத்தத் துளை 53, தண்ணீர் 33, காற்று 20 என்று வந்தால் 'அருமையான மண்' என்று தோன்றும். ஆனால் அந்த 33-ல் 22 மணிக்குள் பூட்டிக் கிடந்தால் பயிருக்குக் கிடைப்பது 11 மட்டும். 30 செ.மீ. வேர் ஆழத்துக்கு அது 33 மி.மீ. தண்ணீர். நாளுக்கு 5 மி.மீ. செலவானால் ஒரு வாரத்தில் தீரும். 18 கிடைக்கும் மண்ணில் பதினோரு நாள் ஓடும். இரண்டு மழைக்கும் நடுவே வெயில் நீடித்தால் சரல் விளையில் மிளகுக்கொடி முதலில் துவளுவதன் சூட்சுமம் இங்கே இருக்கிறது.

பூட்டிய தண்ணீரை அளக்கப் பழைய வழி ஒன்று உண்டு. அதே மண்ணை ஒரு டப்பாவில் நிரப்பிச் சூரியகாந்தி விதை போடுங்கள். மூன்று நான்கு இலை வந்ததும் மண்ணின் மேற்பரப்பை மெழுகுத்தாளால் மூடித் தண்ணீரை நிறுத்துங்கள். செடி வாடும். இரவு முழுக்க ஈரச்சாக்குப் போட்ட பெட்டிக்குள் வைத்தும் விடியற்காலையில் நிமிராவிட்டால், அதுதான் நிரந்தர வாடல். அப்போது மண்ணை எடுத்து எடை போட்டு, காயவைத்து மீண்டும் எடை போட்டு, நூறு கிராம் உலர்ந்த மண்ணுக்கு எத்தனை கிராம் தண்ணீர் என்று பார்த்து, பரும அடர்த்தியால் பெருக்கினால் பூட்டிய சதவீதம் வந்துவிடும். பத்துப் பதினைந்து நாள் பொறுமை வேண்டும், செலவு கிடையாது.

சரல் மண்ணில் வளையம் இறங்காது, கல் தட்டும். அங்கே 15 செ.மீ. அகலத்தில் 10 செ.மீ. ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, வந்த மண் முழுவதையும் சேர்த்துவையுங்கள். குழிக்குள் மெல்லிய பாலித்தீன் உறையை விரித்து விளிம்புமட்டும் தண்ணீர் ஊற்றி அளந்தால் அதுவே கொள்ளளவு. 2 மி.மீ.க்கு மேற்பட்ட கற்களைச் சலித்து, அவற்றின் எடையையும், அளவுப் பாத்திரத்தில் மூழ்கடித்து அறியும் கொள்ளளவையும் இரண்டு பக்கமும் கழித்துவிட வேண்டும். கழிக்காமல் விட்டால் கல்லின் கனம் மண்மேல் ஏறி, இல்லாத இறுக்கம் இருப்பதாகத் தெரியும்.

இன்னொரு உள்ளூர்ச் சிக்கல் மணவாளக்குறிச்சி பக்கத்துக் கருமணல். அதில் இல்மனைட் முதலான கனமான தாதுக்கள் உண்டு. இல்மனைட்டின் அடர்த்தி சுமார் 4.7 என்பதால் 2.65 என்ற எண் அங்கே செல்லாது. அதை வைத்துக் கணக்குப் போட்டால் துளையே இல்லாத மண் என்று விடை வரும். அத்தகைய மணலுக்கு அளவுக் குடுவையில் தண்ணீரை இடம்பெயர்த்துத் துகள் அடர்த்தியை முதலில் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

எப்போது அளப்பது, எதை நம்புவது

உழுத மறுவாரம் அளக்காதீர்கள். ரோட்டவேட்டர் ஓட்டிய மண்ணில் பெரிய துளை ஏராளமாகத் தெரியும். இரண்டு நல்ல மழையில் பொடி கரைந்து அத்தனையும் அமுங்கிவிடும். பயிர் நடுப்பருவத்தில், உழுது இரண்டு மாதமாவது ஆன பிறகு எடுத்த எண்தான் நிலைக்கும். வயல்மண் காய்ந்து வெடித்த நேரத்திலும் வேண்டாம். வெடிப்பும் பெரிய துளைதான், ஆனால் நனைந்தால் மூடிக்கொள்ளும். ஒரே விளையில் குறைந்தது ஐந்து இடம், ஒவ்வொன்றிலும் 5 முதல் 10 செ.மீ. வரை ஓர் ஆழம், 20 முதல் 25 செ.மீ. வரை ஓர் ஆழம். வண்டி போகும் தடத்தைத் தனியாக எழுதுங்கள். டிராக்டர் சக்கரம் முதலில் கொல்வது 50 மைக்ரானுக்கு மேற்பட்டதைத்தான். சிறிய துளையை அதனால் அசைக்க முடியாது. இறுகிய தடத்தில் மொத்தத் துளை நாலைந்து சதவீதம் மட்டும் குறைந்திருக்கும், ஆனால் காற்றுத் துளை பாதியாகியிருக்கும்.

பெரிய துளை ஒன்றோடொன்று தொடர்கிறதா என்பதை வளையம் சொல்லாது. அதற்கு 15 செ.மீ. விட்டமுள்ள, அடியில்லாத தகரத்தை 7 செ.மீ. ஆழம் இறக்கி, உள்ளே ஒரு தாளை விரித்து 440 மி.லி. தண்ணீர் ஊற்றித் தாளை உருவுங்கள். அது 2.5 செ.மீ. உயரத் தண்ணீர். முதல் முறை காய்ந்த மண் குடிக்கும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். இரண்டாம் முறை ஊற்றி நேரம் பாருங்கள். ஒரு மணிக்கும் மேல் நின்றால், மணிக்கு 25 மி.மீ. மழையைக்கூட அந்த மண் வாங்காது என்று பொருள். தகரத்தின் ஓரம் வழியே தண்ணீர் கசிந்தால் நேரம் குறைவாகக் காட்டும்; ஓரத்து மண்ணை விரலால் அமுக்கி விடுங்கள்.

ஆய்வுக்கட்டுரைகளில் எஸ் குறியீடு என்று ஒன்றைக் காண்பீர்கள். மண் ஆய்வாளர் டெக்ஸ்டர் 2004-ல் முன்வைத்தது: மண் தண்ணீரை விடும் வளைகோடு எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறது என்பதை ஒரே எண்ணாகச் சொல்வது. 0.035-க்கு மேல் என்றால் நல்ல மண், 0.020-க்குக் கீழ் என்றால் மிக மோசம். வண்டல் மண்ணுக்கு அது கைகொடுக்கும். நம் செம்மண்ணுக்கு அந்த ஒற்றை எண்ணை நம்பமாட்டோம். அதன் வளைகோடு பெரிய துளைக்கு ஒரு முறையும் மிகச் சிறிய துளைக்கு ஒரு முறையும் என இரண்டு தடவை இறங்குகிறது. எந்த இறக்கத்தை அளந்தார்கள் என்று கேட்காமல் எண்ணை எடுத்துக்கொள்ள முடியாது.

அளந்த பிறகு செய்ய வேண்டியதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. மணலில் குறைவது சேமிப்புத் துளை: மக்கிய நார்க்கழிவு, குளத்து வண்டல், தென்னைக்கு அரை மீட்டர் ஆழத்தில் புதைத்த தேங்காய்த் தொண்டு (மட்டை). பச்சை நார்க்கழிவை அப்படியே போட்டால் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் அதுவே இழுத்துக்கொள்ளும். செம்மண்ணிலும் மருந்து மக்குதான், ஆனால் இரண்டு மழையிலும் அது வேகமாக எரிந்துபோவதால் ஒரு தடவை போட்டு ஓய முடியாது. மூடாக்கோடு ஆண்டுதோறும் போக வேண்டும். ரப்பர் தோட்டத்தில் புரேரியா போன்ற மூடுபயிர் அந்த வேலையைத் தானே செய்கிறது.

வாழைக்கு மாறும் வயலில் மட்டும் எருவை நம்பி உட்காரக் கூடாது. முதலில் படுகையை உடைக்க வேண்டும், அதுவும் காய்ந்த நிலையில். ஈரத்தில் உளிக்கலப்பையை ஓட்டினால் மண் உடையாது, வழுவழுப்பாகத் தேய்ந்து துளையின் வாய் இன்னும் அடைபடும். அடிமண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். பென்சில் தடிமனில் திரியாக உருண்டால் டிராக்டரைத் திருப்பி அனுப்புங்கள். பொடிந்து விழுந்தால் ஓட்டலாம். உடைத்த உடனே தக்கைப்பூண்டு விதைத்து வேர் இறங்கவிடுங்கள். கலப்பை திறந்த வெடிப்பை முதல் மழையே மூடிவிடக்கூடும், வேர் போன துளை அது மக்கிய பிறகும் நிற்கும். வாழையை மேட்டில் வையுங்கள், இரண்டு வரிசைக்கு நடுவே வடிகால் சாலின் அடி பழைய படுகைக்கும் கீழே இருக்கட்டும். அடுத்த ஆண்டு அதே இடத்தில், அதே மாதத்தில், 20 செ.மீ. ஆழத்தில் வளையத்தை மறுபடி இறக்கிப் பாருங்கள். 5 இருந்த காற்றுத் துளை 8 ஆகியிருந்தாலே வேர் கீழே இறங்கத் தொடங்கியிருக்கும்.